பி.ஆர். வைத்துக்கொண்டு கனடா எல்லையைத் தாண்டுபவர்களுக்கு: 730 நாள் கணக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊருக்குப் போய் நினைத்ததைவிட நீண்ட காலம் தங்கிவிட்டவர்கள், வேலைக்காக வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ போனவர்கள், பிள்ளைகள் கூப்பிட்டு வந்து குளிர் தாங்காமல் திரும்பிப் போன அம்மா அப்பாமார் என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு பயம் உண்டு: திரும்பி வரும்போது எல்லையில் பிடித்து பி.ஆர். (நிரந்தர வதிவிட) அந்தஸ்தைப் பறித்துவிடுவார்களோ என்பது. அந்தப் பயத்தில் பாதி தேவையில்லாதது. மீதிப் பாதிக்குக் காரணம் இருக்கிறது. எது எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டு பயணம் போவதற்காகத்தான் இந்தப் பக்கம். உங்கள் கதையில் சிக்கல் இருந்தால் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுங்கள்.

அடிப்படை விதி என்ன?

ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 730 நாள் கனடாவுக்குள் இருக்க வேண்டும். குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. பத்து நாள், இரண்டு மாதம், ஒரு வருடம் என்று துண்டு துண்டாகச் சேர்ந்தாலும் போதும். கனடாவுக்கு வெளியே கழித்த சில வகை நாட்களும் இதில் சேரும். அவற்றைக் கீழே பார்ப்போம்.

எனக்கு பி.ஆர். கிடைத்து இன்னும் ஐந்து வருடம் ஆகவில்லை. எப்படிக் கணக்குப் பார்ப்பார்கள்?

இங்கேதான் அநேகம் பேர் குழம்புகிறார்கள். ஐந்து வருடம் முடியாதவரிடம் "730 நாள் இருந்தாயா?" என்று கேட்க முடியாது. பி.ஆர். ஆன நாளிலிருந்து ஐந்தாம் ஆண்டு நிறைவு வரைக்குமான காலத்துக்குள் 730 நாளை எட்ட இனியும் வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஏற்கெனவே இருந்த நாட்களையும் மிச்சமிருக்கும் நாட்களையும் கூட்டுங்கள். 730 வந்தால் நீங்கள் விதியை மீறவில்லை.

ஒரு கணக்கு. ஒருவர் 2021 ஜூன் 10 அன்று பி.ஆர். ஆனார். ஜூலை 20 அன்று ஊருக்குப் போனார். அதுவரை இருந்தது 41 நாள். 2025 மார்ச் 1 அன்று திரும்புகிறார். அவருடைய ஐந்து வருடம் 2026 ஜூன் 9 உடன் முடிகிறது. மார்ச் 1 முதல் அந்த நாள் வரை 466 நாள். பழைய 41ஐச் சேர்த்தால் 507. அதாவது இனி ஒரு நாளும் வெளியே போகாமல் இருந்தாலும் அவரால் 730ஐ எட்ட முடியாது. அவர் எல்லையில் நிற்கும்போதே விதி மீறப்பட்டுவிட்டது. இதே ஆள் 2024 ஜூலை 21 அன்று திரும்பியிருந்தால் 730 சரியாக வந்திருக்கும், ஆனால் அதற்குப் பிறகு ஒரு வார விடுமுறைக்குக்கூட வெளியே போக முடியாது.

சுருக்கமாகச் சொன்னால், முதல் ஐந்து வருடத்தில் மொத்தமாக 1,095 நாள் வரை வெளியே இருக்கலாம். அந்த எண்ணை முட்ட முட்டப் பயன்படுத்துவது புத்திசாலித்தனம் இல்லை. விமானம் ரத்தாகும், அப்பாவுக்கு நெஞ்சுவலி வரும், கடவுச்சீட்டு தொலையும். இரண்டு மூன்று மாதமாவது கையிருப்பில் வைத்திருங்கள்.

ஐந்து வருடம் தாண்டிவிட்டது. இப்போது?

அதிகாரி உங்களைப் பரிசோதிக்கும் நாளிலிருந்து பின்னோக்கி ஐந்து வருடத்தைப் பார்ப்பார். 2025 மார்ச் 5 அன்று எல்லையில் நின்றால் 2020 மார்ச் வரைக்கும். அதற்கு முன்னால் பத்து வருடம் ஸ்காபரோவை விட்டு நகராமல் இருந்திருந்தாலும் அது இந்தக் கணக்கில் வராது. இந்த ஐந்து வருடச் சாளரம் ஒவ்வொரு நாளும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால் பழைய நாட்கள் பின்னால் உதிர்ந்துகொண்டே போகும். போன வருடம் நன்றாக இருந்த கணக்கு இந்த வருடம் குறைவாக வரலாம். பி.ஆர். கார்டைப் புதுப்பித்த அன்று கணக்குச் சரியாக இருந்தது என்பது அடுத்த ஐந்து வருடத்துக்கான உத்தரவாதம் கிடையாது.

போன நாளும் வந்த நாளும் எண்ணப்படுமா? நான் ட்ரக் ஓட்டுகிறேன்.

எண்ணப்படும். ஒரு நாளின் ஏதோ ஒரு பகுதியில் கனடா மண்ணில் இருந்தால் அது முழு நாள். திங்கள் காலை வின்சர் வழியாக அமெரிக்காவுக்குள் போய் வியாழன் இரவு திரும்பினால் செவ்வாயும் புதனும் மட்டும்தான் வெளிநாட்கள். வின்சரில் வீடு, டெட்ராய்டில் வேலை என்று தினமும் போய்வருபவருக்கு வெளிநாளே இல்லை. நெடுந்தூரம் ஓட்டுபவர்கள் பலர் தங்கள் கணக்கு மோசமாக இருக்கும் என்று பயந்து வருவார்கள். உட்கார்ந்து எண்ணினால் பெரும்பாலும் 730ஐத் தாண்டி நிற்கும். பயணப் பதிவேட்டை மட்டும் தூக்கி எறியாதீர்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து போனால் போதும் என்கிறார்களே?

பழைய சட்டத்தின் மிச்சம் அது. 2002 ஜூன் 28க்கு முன்பு இருந்த சட்டத்தில் பன்னிரண்டு மாதத்தில் 183 நாளுக்கு மேல் வெளியே இருந்தால் கனடாவைக் கைவிட்டவராகக் கருதினார்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்தவர்கள் அதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போதைய சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. மூன்று வருடம் ஒரேயடியாக வெளியே இருந்துவிட்டு இரண்டு வருடம் ஒரேயடியாக உள்ளே இருந்தாலும் செல்லும். மறுபக்கம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து இரண்டு வாரம் நின்று போனால் ஐந்து வருடத்தில் 140 நாள்தான் தேறும். அது எதற்கும் காணாது.

கார்டு காலாவதியானால் பி.ஆர். போய்விட்டதா?

இல்லை. கார்டு என்பது அந்தஸ்தைக் காட்டும் சான்று மட்டும். அது முடிந்தாலும் அந்தஸ்து நிற்கும். எல்லையில் நாள் கணக்கு குறைந்தாலும் அது தானாகப் போய்விடாது. சட்டத்தில் சொன்ன ஒரு நடைமுறை முடிய வேண்டும், அல்லது நீங்களே கைவிட வேண்டும், அல்லது கனடியக் குடியுரிமை பெற வேண்டும்.

ஆனால் கார்டு இல்லாமல் விமானம் ஏற முடியாது. விமானம், ரயில், பஸ், கப்பல் என்று கூலிக்கு ஆள் ஏற்றும் எந்த வாகனத்திலும் கனடாவுக்கு வர, செல்லுபடியான கார்டு அல்லது வெளிநாட்டிலுள்ள கனடிய விசா அலுவலகம் கொடுக்கும் பி.ஆர். பயண ஆவணம் வேண்டும்.

கார்டு இல்லாதவர்கள் அமெரிக்கா வழியாகத் தரைவழியே வருகிறார்களே. அது சரியா?

சட்டப்படி சரிதான். சொந்தக் காரிலோ நண்பரின் காரிலோ பஃபலோவிலிருந்து பீஸ் பாலத்தைக் கடந்தோ, நயாகராவில் ரெயின்போ பாலத்தைக் கடந்தோ, டெட்ராய்டிலிருந்து அம்பாசடர் பாலத்தைக் கடந்தோ வருபவரிடம் கார்டு கட்டாயம் இல்லை. நான் பி.ஆர். என்பதை அதிகாரி நம்பும்படி காட்டினால் போதும். காலாவதியான கார்டு, பி.ஆர். கிடைத்தபோது தந்த உறுதிப்படுத்தல் பத்திரம், கடவுச்சீட்டு ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். அவர்களுடைய கணினியிலும் உங்கள் பெயர் இருக்கும்.

இதில் மறைந்திருக்கும் இடைஞ்சல் அமெரிக்கப் பக்கத்தில்தான். இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் அமெரிக்காவில் இறங்கவே அமெரிக்க விசா வேண்டும். கனடிய பி.ஆர். என்பதால் அந்த விலக்கு கிடைக்காது. விசா இல்லாதவருக்கு இந்த வழியே இல்லை.

இன்னொன்று, தரைவழி என்றால் கேட்க மாட்டார்கள் என்று எண்ணி வராதீர்கள். டொரொண்டோவின் பியர்சன் விமான நிலையத்தில் இருக்கும் அதே எல்லைச் சேவைகள் முகவரகம்தான் பாலத்திலும் இருக்கிறது, அதே கேள்விகளைத்தான் கேட்கும். தரைவழி உங்களுக்குத் தருவது கார்டு இல்லாமல் வாசல் வரை வந்துசேரும் வசதி. அதற்கு மேல் எதையும் அதிலிருந்து எதிர்பார்க்காதீர்கள்.

நான் எத்தனை நாள் வெளியே இருந்தேன் என்று அதிகாரிக்கு எப்படித் தெரியும்?

நன்றாகவே தெரியும். 2013இலிருந்து கனடாவும் அமெரிக்காவும் தரைவழி நுழைவுத் தகவல்களைப் பகிர்ந்துகொள்கின்றன. நீங்கள் அமெரிக்காவுக்குள் நுழைந்த பதிவு கனடாவிலிருந்து வெளியேறிய பதிவாக மாறிவிடும். 2020ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து விமானத்தில் வெளியேறுபவர்களின் விபரமும் விமான நிறுவனங்களிடமிருந்து போகிறது. கடவுச்சீட்டில் முத்திரை இல்லையே, ஒன்றும் தெரியாது என்று நினைத்த காலம் போய்விட்டது.

கேட்கும் கேள்விக்கு உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது சட்டக் கடமை. நாள் குறைவு என்பது மன்னிக்க இடமுள்ள குறை. பொய் சொன்னால் அது தவறான தகவல் கொடுத்த குற்றச்சாட்டாக மாறி, ஐந்து வருடத் தடைவரை போகலாம். சரியான எண் ஞாபகமில்லை என்றால் "சரியாகத் தெரியவில்லை, பார்த்துச் சொல்ல வேண்டும்" என்று சொல்லுங்கள். அதுவும் உண்மையான பதில்தான். வாய்க்கு வந்த ஒரு எண்ணைச் சொல்லி அது பதிவேட்டோடு ஒத்துப்போகாவிட்டால் அப்புறம் நீங்கள் சொல்லும் மற்ற எதையும் நம்ப மாட்டார்கள்.

நாள் குறைந்தால் எல்லையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்களா?

மாட்டார்கள். பி.ஆர். அந்தஸ்து உள்ளவர் என்று அதிகாரி திருப்தியடைந்தால் உள்ளே விட்டே ஆக வேண்டும் என்று சட்டத்தின் 19ஆம் பிரிவு சொல்கிறது. குறைவு உங்கள் அந்தஸ்தை அந்த இடத்திலேயே அழித்துவிடாததால் நுழையும் உரிமையும் அழியாது.

நடப்பது இதுதான். எல்லையில் முதலில் கேள்வி கேட்கும் அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் இரண்டாம் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அங்கே நாள் கணக்கு, ஏன் போனீர்கள், ஏன் தங்கினீர்கள், கனடாவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். குறைவு உறுதியானால் அதிகாரி 44ஆம் பிரிவின் கீழ் ஒரு அறிக்கை எழுதலாம். எழுதாமலும் விடலாம், அது அவருடைய விருப்புரிமை. எழுதினால் அமைச்சரின் பிரதிநிதியாக இருக்கும் இன்னொரு அதிகாரி அதைப் பார்ப்பார். உங்கள் பக்க மனிதாபிமானக் காரணங்களையும் அவர் கேட்க வேண்டும். அவருக்கும் திருப்தி இல்லையென்றால் வெளியேறும் உத்தரவு ஒன்றைப் பிறப்பிப்பார்.

இந்த உத்தரவைக் கையில் வாங்கியவர்கள் அன்றிரவே பெட்டி கட்டத் தொடங்குகிறார்கள். வேண்டாம். அது உடனே அமலுக்கு வருவதில்லை. 30 நாளுக்குள் குடிவரவு, அகதிகள் சபையின் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவில் மேன்முறையீடு செய்யலாம். தீர்ப்பு வரும்வரை நீங்கள் பி.ஆர். தான். வேலை செய்யலாம், படிக்கலாம், ஒரு வருடக் கார்டுகூட வாங்கலாம். 30 நாளைத் தவறவிட்டால்தான் உத்தரவு தன் பாட்டில் உயிர் பெறும். ஆகவே உத்தரவு வந்த மறுநாளே சட்டத்தரணியைப் பாருங்கள்.

ஒரு நுணுக்கம் உண்டு. 44ஆம் பிரிவு அறிக்கை எழுதப்பட்ட பின் கனடாவில் இருக்கும் நாட்கள் 730இல் சேராது. அறிக்கை வந்த பிறகு இரண்டு வருடம் இருந்து கணக்கைச் சரிசெய்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். மேன்முறையீட்டில் வென்றால் மட்டும் அந்த நாட்கள் உயிர்பெறும்.

அதிகாரி ஒரு படிவத்தைக் காட்டி "இதில் கையெழுத்துப் போட்டால் சுலபம்" என்றால்?

அது பெரும்பாலும் பி.ஆர். அந்தஸ்தை நீங்களாகவே கைவிடும் படிவம். இந்த வழி சிலருக்கு உண்மையிலேயே பொருந்தும், குறிப்பாக இனி இங்கே வாழப்போவதில்லை என்று முடிவெடுத்த வயதானவர்களுக்கு. ஆனால் பதினெட்டு மணிநேரப் பயணம் முடிந்து, பசியும் தூக்கமுமாக, மொழியும் பாதி புரியாமல் நிற்கும் நேரத்தில் எடுக்கும் முடிவு அல்ல அது. அதில் கையெழுத்துப் போட்டால் மேன்முறையீடு என்ற வாசலே மூடிவிடும். "இப்போது முடிவெடுக்க விரும்பவில்லை" என்று மரியாதையாகச் சொல்லலாம். மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். அதற்காக உங்களை உள்ளே விடாமல் இருக்க முடியாது.

அறிக்கை எழுதாமல் உள்ளே விட்டுவிட்டார்கள். கணக்கு இன்னும் குறைவு. என்ன செய்வது?

வெளியே போகாதீர்கள். உள்ளே இருந்து நாளைச் சேருங்கள். ஒவ்வொரு நாளும் உங்களுக்கு ஒரு நாள் கூடும். பழைய வெளிநாட்கள் சாளரத்தின் பின்னால் விழுந்துகொண்டே போகும். இரண்டு வருடம் தொடர்ந்து இருந்தால் பழைய குறைவு எதுவும் பாக்கி இருக்காது.

அந்த இரண்டு வருடத்துக்குள் கார்டைப் புதுப்பிக்கவோ, ஒருவரை ஸ்பொன்சர் செய்யவோ விண்ணப்பிப்பதைப் பற்றி மிகவும் யோசித்து முடிவெடுங்கள். கார்டு விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரியும் நாள் கணக்கைப் பார்த்து அதே அறிக்கையை எழுத வைக்கலாம். கார்டு இல்லாமல் கனடாவுக்குள் வாழ்வது கொஞ்சம் எரிச்சல்தான், ஆனால் முடியும்.

மேன்முறையீட்டில் எதைப் பார்ப்பார்கள்?

அதிகாரி கணக்கில் தவறு விட்டாரா என்பது ஒன்று. அநேக வழக்குகளில் கணக்கு சரியாகவே இருக்கும். அப்போது மனிதாபிமான அடிப்படைதான் மிச்சம். எவ்வளவு குறைவு, ஏன் வெளியே போனீர்கள், ஏன் திரும்பவில்லை, முடிந்தவுடன் திரும்ப முயன்றீர்களா, கனடாவில் என்ன வேர் இருக்கிறது, குடும்பத்துக்கு என்ன கஷ்டம், பாதிக்கப்படும் பிள்ளைகள் இருக்கிறார்களா என்றெல்லாம் எடைபோடுவார்கள். 730க்கு 700 வைத்திருப்பவருக்கும் 30 வைத்திருப்பவருக்கும் தேவைப்படும் காரணத்தின் பாரம் ஒன்றாக இருக்காது.

"அம்மாவுக்கு உடம்பு சரியில்லை" என்பது எல்லோரும் சொல்வது. மருத்துவமனைப் பதிவு, மற்றச் சகோதரர்கள் ஏன் பார்க்க முடியவில்லை என்ற விளக்கம், அம்மா இறந்த பிறகு எத்தனை மாதத்தில் கிளம்பினீர்கள் என்ற திகதி, இவைதான் அந்த வரிக்கு உயிர் கொடுக்கும். அம்மா போய் மூன்று வருடம் கழித்துத் திரும்பியவருக்கு அந்தக் காரணம் முதல் பாதிக்குத்தான் உதவும். சிறு வயதில் பெற்றோரால் வெளியே கொண்டுபோகப்பட்டு, தானாக முடிவெடுக்கும் வயது வந்தவுடன் திரும்பிய பிள்ளைகளைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்ப்பார்கள்.

வெளியே இருந்த நாட்களும் சேரும் என்றீர்களே. எவை?

கனடியக் குடிமகனான கணவன், மனைவி அல்லது வாழ்க்கைத் துணையோடு வெளிநாட்டில் ஒன்றாக வாழ்ந்த நாட்கள் சேரும். 22 வயதுக்கு உட்பட்ட, மணமாகாத பிள்ளை கனடியக் குடிமகனான அம்மா அல்லது அப்பாவோடு வாழ்ந்தால் அந்தப் பிள்ளைக்கும் சேரும். யார் யாரைப் பின்தொடர்ந்து போனார்கள் என்று பார்க்கத் தேவையில்லை என்று அரசின் கைநூல் சொல்கிறது, ஆனால் சில மேன்முறையீட்டுத் தீர்ப்புகள் அதையும் பார்த்திருக்கின்றன. எனவே கனடாவிலிருந்து சேர்ந்து கிளம்பியவர்களின் நிலை, பல வருடமாகத் துபாயில் இருந்தவரோடு துணை போய்ச் சேர்ந்துகொண்ட நிலையைவிட உறுதியானது.

தலைகீழாக நினைக்கிறவர்கள் நிறையப் பேர்: "என் பிள்ளை கனடாவில் பிறந்தது, நான் அதோடுதான் யாழ்ப்பாணத்தில் இருந்தேன், அது கணக்கில் வருமே?" வராது. குடிமகனான பிள்ளையோடு பெற்றோர் இருந்த நாட்கள் சேர்வதில்லை. மேன்முறையீட்டில் பிள்ளையின் நலன் என்ற வடிவில் மட்டுமே அது உதவும்.

அடுத்தது வேலை. கனடிய நிறுவனமோ கனடிய அரசோ உங்களை முழுநேர வேலைக்காக வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தால் அந்த நாட்கள் சேரும். அப்படி அனுப்பப்பட்ட பி.ஆர். துணையோடு கூடப் போனவருக்கும் சேரும். நீதிமன்றங்கள் இதை இறுக்கமாகவே வாசிக்கின்றன. தற்காலிகமாக அனுப்பப்பட்டு, முடிந்ததும் கனடாவில் திரும்பிப்போக வேலை இருக்க வேண்டும். சென்னையில் இருந்துகொண்டு கனடிய கம்பெனிக்கு இணையத்தில் வேலை செய்தது, அந்தக் கம்பெனியின் கொழும்புக் கிளையில் அங்கேயே ஆளாகச் சேர்ந்தது, இவை இரண்டும் பெரும்பாலும் தேறாது. பி.ஆரைக் காப்பாற்றுவதற்காகவே பெயருக்குத் திறந்த கம்பெனியை விதிமுறைகள் வெளிப்படையாகவே ஒதுக்குகின்றன.

நான் அகதியாக வந்து பி.ஆர். ஆனேன். 730 நாளுக்கு மேல் இருக்கிறது. இலங்கை போய்வரலாமா?

நம்மவர்களில் பலர் சரியாகத் தெரிந்துகொள்ளாத கேள்வி இது. 730 நாள் உங்களைக் காப்பாற்றாத ஓர் இடம் இருக்கிறது.

உங்களுக்கே அகதி அந்தஸ்து கொடுக்கப்பட்டு, அதன்வழி பி.ஆர். ஆகியிருந்தால், பாதுகாப்பு வேண்டாம் என்று நீங்களாகவே உங்கள் நாட்டின் நிழலுக்குத் திரும்பிவிட்டீர்கள் என்று அரசு வாதிடலாம். அந்த நாட்டின் கடவுச்சீட்டைப் புதுப்பிப்பதும் அதில் அங்கே போய்வருவதும் அதற்கான முக்கிய அடையாளங்கள். 2012 டிசம்பரில் வந்த சட்டமாற்றத்துக்குப் பிறகு இப்படி அகதி அந்தஸ்து முடிவுக்கு வந்தால் பி.ஆரும் கூடவே போய்விடும். மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போக முடியாது. பெடரல் நீதிமன்றத்தின் மறுபரிசீலனை மட்டும்தான் மிச்சம். பல வருடமாக வரி கட்டி, வீடு வாங்கி, பிள்ளை வளர்த்தவர்களுக்கும் இது பொருந்தும்.

எல்லை இதில் எங்கே வருகிறது? திரும்பும்போது அதிகாரி கடவுச்சீட்டைப் புரட்டிக் கட்டுநாயக்க முத்திரைகளைப் பார்த்துவிட்டுக் கேட்கும் கேள்விகளில்தான் பல வழக்குகள் தொடங்குகின்றன. 2022இல் பெடரல் மேன்முறையீட்டு நீதிமன்றம், பின்விளைவு தெரிந்துதான் போனாரா, ஏன் போனார், அங்கே ஒளிந்து பாதுகாப்பாக இருந்தாரா, துன்புறுத்தியது அரசா வேறு ஆட்களா என்பனவற்றையெல்லாம் பார்க்க வேண்டும் என்றது. அது கொஞ்சம் மூச்சுவிட இடம் தந்திருக்கிறது. ஆனாலும் என் கருத்து வளைந்துகொடுக்காதது: தகுதி வந்தவுடன் கனடியக் குடியுரிமைக்கு விண்ணப்பியுங்கள், குடியுரிமை கையில் வந்த பிறகு கோவில் திருவிழாவுக்குப் போங்கள். குடிமகன் ஆனவரை இந்த ஏற்பாடும் தொடாது, 730 நாள் விதியும் தொடாது. கல்யாணம், மரண வீடு என்று போயே ஆக வேண்டிய நிலை வந்தால் ரிக்கெட் எடுக்கும் முன்பு சட்டத்தரணியிடம் பேசுங்கள்.

குடியுரிமைக்கும் இதே 730 தானா?

இல்லை, அதற்கு 1,095 நாள், அதுவும் விண்ணப்பத்துக்கு முந்திய ஐந்து வருடத்தில். பி.ஆருக்கு முன்னால் மாணவராகவோ வேலை அனுமதியோடோ இருந்த நாட்கள் குடியுரிமைக்கு அரை நாளாகச் சேரும், அதிகபட்சம் 365 வரை. 730 கணக்கில் பி.ஆருக்கு முந்திய நாள் ஒன்றுகூடச் சேராது.

வரி கட்டுகிறேன், வீடு இருக்கிறது, ஓஹிப் (ஒன்டாரியோ மருத்துவக் காப்புறுதி) கார்டு இருக்கிறது. போதாதா?

போதாது. இவை வேர் இருக்கிறது என்று காட்டும், நீங்கள் இங்கே நின்றதைக் காட்டாது.

அம்மா அப்பாவை ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டோம். அவர்களுக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை. வருடத்தில் இரண்டு மாதம் வந்து போகிறார்கள்.

ஐந்து வருடத்தில் பத்து மாதம். 730க்கு எட்டாத தூரம். ஒவ்வொரு தடவையும் எல்லையில் கேள்வி வரும், எப்போதோ ஒரு தடவை அறிக்கையும் வரும். அவர்கள் இங்கே வாழ விரும்புகிறார்களா, பேரப்பிள்ளைகளைப் பார்த்துப் போக விரும்புகிறார்களா என்று வெளிப்படையாகப் பேசுங்கள். இரண்டாவது என்றால் பி.ஆரை முறைப்படி கைவிட்டுவிட்டு, பெற்றோரும் தாத்தா பாட்டியும் நீண்ட நாள் வந்து தங்குவதற்கான சூப்பர் விசாவுக்குப் போவது பல குடும்பங்களுக்கு நிம்மதி. 2022 ஜூலையிலிருந்து அதில் ஒரு வருகைக்கு ஐந்து வருடம் வரை தங்கலாம். மருத்துவக் காப்புறுதி வாங்க வேண்டும், பிள்ளையின் வருமானம் காட்ட வேண்டும் என்பவை அதன் சுமை. பி.ஆர். உள்ளவருக்கு வருகை விசா கொடுக்க மாட்டார்கள் என்பதால் கைவிடுவதுதான் முதல் படி. இதை வீட்டில் ஆறுதலாக உட்கார்ந்து செய்யுங்கள், விமான நிலையத்தில் அல்ல.

வெளிநாட்டில் பயண ஆவணத்துக்கு விண்ணப்பித்து மறுத்துவிட்டார்கள். எல்லாம் முடிந்ததா?

இல்லை. மறுப்பு வந்ததிலிருந்து 60 நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம். கடந்த 365 நாளுக்குள் ஒருமுறையாவது கனடாவில் இருந்திருந்தால், மேன்முறையீடு நடக்கும்போது கனடாவுக்கு வர ஆவணம் கொடுத்தே ஆக வேண்டும். இதனால்தான், வருவதா வேண்டாமா என்று தடுமாறுகிறவர்களிடம் வருடத்துக்கு ஒரு தடவையாவது காலை வைத்துவிட்டுப் போகும்படி சொல்கிறார்கள். நாள் கணக்குக்கு அது பெரிதாக உதவாது. இந்த உரிமைக்கு உதவும்.

கையில் என்ன ஆதாரம் வைத்திருக்க வேண்டும்?

பழைய கடவுச்சீட்டுகள் எல்லாம், காலாவதியானவையும் சேர்த்து. வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, டி4 (வேலை கொடுத்தவர் தரும் வருடச் சம்பளப் படிவம்), வரி மதிப்பீட்டு அறிவித்தல், வங்கிக் கூற்று, பிள்ளையின் பள்ளிக்கூடக் கடிதம், மருத்துவரிடம் போன திகதிகள். போன திகதி, வந்த திகதி, இடம், காரணம் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருப்பது எல்லாவற்றையும்விடப் பிரயோசனம். எல்லையில் பதற்றத்தில் எதுவும் ஞாபகம் வராது.

ஆதாரம் செய்து தருகிறேன் என்று வரும் ஆட்களிடமிருந்து ஓடுங்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் கடவுச்சீட்டுகளில் பொய் முத்திரை குத்தி நூற்றுக்கணக்கானோருக்கு வதிவிடக் கணக்குக் காட்டிய ஒருவருக்கு 2015இல் ஏழு வருடச் சிறை விழுந்தது. அவரிடம் காசு கொடுத்தவர்களின் கோப்புகளையும் தோண்டினார்கள்.

அரசிடம் உங்களைப் பற்றி என்ன பதிவு இருக்கிறது என்பதை நீங்களே கேட்டுப் பெறலாம். எல்லைச் சேவைகள் முகவரகத்திடம் பயண வரலாற்று அறிக்கை என்று கேட்டு விண்ணப்பியுங்கள். கணக்கு இறுக்கமாக இருக்கிறது என்று சந்தேகம் உள்ளவர்கள் அடுத்த பயணத்துக்குப் பல வாரம் முன்பே இதை எடுத்து உங்கள் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் விடுபட்ட நுழைவு இருந்தால், அதை நிரூபிக்கும் விமானச் சீட்டையோ வங்கிக் கூற்றையோ தேடி எடுக்க அந்த வாரங்கள் தேவைப்படும்.